சுருட்டாத பாய்

கோகிலவாணி பல்கலைக்கழகத்தில் சேரப் போன அன்று இரண்டு பெட்டி, ஒரு பிளாஸ்டிக் பக்கெட், தலையணை, போர்வை, நிலக்கடலைச் சட்னிப்பொடி ஒரு டப்பா, பத்தாம் வகுப்பிலிருந்து வாங்கிய அத்தனை சான்றிதழ்களுக்கும் மூன்று மூன்று நகல் என்று எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள், தூக்கத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். இதில் பாதி அவள் தப்பு, பாதி அவள் அம்மா ருக்மணியின் தப்பு, அதற்கு மேலும் தப்பு மிச்சம் இருந்தால் அது அந்தப் பல்கலைக்கழகத்து வரிசைகளின் தப்பு.

குமாரபாளையத்தில் ருக்மணி வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து ஒருவர் பயணம் கிளம்பினால் அவர் போய்ச் சேர்ந்த சேதி வருகிறவரை வீட்டைக் கூட்டக் கூடாது, அவர் படுத்திருந்த பாயைச் சுருட்டக் கூடாது. மற்றவர்கள் இதை ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கடைப்பிடித்துவிட்டு விளக்குமாற்றைத் தூக்கிவிடுவார்கள். ருக்மணி அப்படிப்பட்ட ஆளில்லை. மகளுக்குப் போன் போட்டாள். "வரிசையில நிக்கிறேம்மா, அப்பறம் பேசறேன்" என்றாள் மகள். மாலையில் போட்டாள், அப்போதும் வரிசை. மறுநாள் மருத்துவச் சான்றிதழ் வரிசை, அதற்கு மறுநாள் மெஸ் அட்டை வரிசை, விடுதியில் இடம் ஒதுக்குகிறவரை நூறு பெண்களோடு உடற்பயிற்சிக் கூடத்தில் பெட்டி மேல் தலைவைத்துக் கிடந்தவள் எந்த அழைப்பிலும் வந்து சேர்ந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரிசையில் நிற்கிறவள் எப்படிப் போய்ச் சேர்ந்தவள் ஆவாள் என்று ருக்மணியும் பாயைத் தொடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அறைச் சாவி கைக்கு வந்த பிறகு வாணி போன் பண்ணி, "வந்து சேர்ந்துட்டேம்மா" என்றாள். ருக்மணி விளக்குமாற்றோடு உள்ளே போனபோது காலம் கடந்துவிட்டிருந்தது. மகளுடைய தூக்கம் பாயில் நன்றாகப் படுத்துவிட்டிருந்தது.

பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லை. இடதுபக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுத்த ஒரு பெண்ணின் அளவுக்குக் கோரைப் பாய் பள்ளமாக இருந்தது, அந்தப் பள்ளத்துக்கு மேல் வெதுவெதுப்பு இருந்தது, காதை வைத்தால் மூச்சு கேட்டது. ருக்மணி சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு ஒரு போர்வையை எடுத்து வந்து போர்த்திவிட்டு, மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்துவிட்டு, பாயைச் சுற்றி மட்டும் கூட்டினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து வாணியின் அப்பா சென்னியப்பன் வந்தார். பத்தொன்பது வருடமாக விசைத்தறி ஓட்டுகிற மனிதர். தறி நின்றாலும் அவர் காதுக்குள் அது நிற்காது. வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே இன்னொருவருடைய பட்டறை, அதில் பன்னிரண்டு தறிகள், அதையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்துவிட்டு எழுந்து போவார். அதைத்தான் வீட்டில் தூக்கம் என்று சொல்லி வந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன் தறி முன்னாலேயே ஒரு நொடி கண் அசந்து, வலது ஆள்காட்டி விரலின் முதல் கணுவைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். அன்று அவர் மகள் இல்லாத வீட்டில் எங்கே படுப்பதென்று தெரியாமல் அந்தப் பாய்க்குப் பக்கத்தில் வெறுந்தரையில் சாய்ந்தார். சாய்ந்தவர் மத்தியானம் மூன்று மணிக்குத்தான் எழுந்தார். எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை நடுங்கவில்லை.

"ருக்கு, சுவத்துக்கு அந்தப்பக்கம் தறி ஓடுலியா இன்னைக்கி?" என்றார்.

"ஓடிக்கிட்டுத்தானுங்க இருக்குது."

"எனக்குக் கேக்குலியே" என்றவர் அழுதுவிட்டார்.

தெருவில் இருந்தவை முப்பத்திரண்டு வீடுகள், எல்லா வீட்டுச் சுவரும் ஏதாவது ஒரு பட்டறையோடு ஒட்டியவை, அதனால் விஷயம் பரவ அரை நாள் போதுமானதாக இருந்தது. முதலில் பக்கத்து வீட்டுப் பூரணி, பிறந்ததிலிருந்து வீறிட்டுக்கொண்டே இருந்த நாலு மாதக் குழந்தையை ஒரு சந்தேகத்தோடு கொண்டுவந்து கிடத்தினாள், குழந்தை கொட்டாவி விட்டுத் தூங்கியது, பூரணியும் உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கினாள். பிறகு பாவு நூல் ஓட்டுகிறவர்கள், தார்க் குச்சியில் நூல் சுற்றுகிற பெண்கள், சாயப்பட்டறையில் நின்று நின்று கால் வீங்கியவர்கள் என்று ஒவ்வொருவராகத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே நேரத்தில் ஆறு பேர், ஆளுக்கு இரண்டு மணி நேரம், பாயைச் சுற்றித் தரையில் படுக்கலாம், பாயின் மேல் கை வைக்கக் கூடாது, செல்போன் வெளியே, குறட்டை விடுகிறவர்கள் சுவர் ஓரம் என்று ருக்மணி ஒரு ஒழுங்கு செய்தாள். அதை யாரும் மீறவில்லை. இது எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே படுத்தவர்கள் எழுந்தபோது அந்தக் கேள்வியை மறந்திருந்தார்கள். வார்டு கவுன்சிலர் வந்து முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டு, வார்டுக்கு வேறேதும் வசதி தேவைப்படுகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார். பட்டறை முதலாளி குழந்தைவேலு, துணியில் டேமேஜ் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டதைக் கண்டு, ருக்மணி வீட்டுக்கு ஒரு புது மின்விசிறி வாங்கி மாட்டிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் தெருவின் முகமே மாறிவிட்டது, புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் குறைந்தன, பேச வேண்டியதை ஆட்கள் மெதுவாகப் பேசினார்கள்.

நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடலோரத்தில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் வாணி விழித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாரம் அதைப் புது இடம் என்றார்கள். அறைத்தோழி ஜெசிந்தா நாகர்கோவில்காரி, கட்டிலில் விழுந்த மறுநொடி தூங்குகிறவள், அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "ஏட்டி, நீ கண்ண மூடி நான் பாக்கவே இல்லியே" என்றாள். இரண்டாம் வாரம் விடுதிக் காப்பாளர் வருகைப் பதிவேட்டில் வாணியின் பெயருக்கு நேரே உறக்கம் இல்லை என்று எழுதி முத்திரை போட்டார், அதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்தது. மூன்றாம் வாரம் விடுதிப் பெண்கள் தாங்கள் எழ வேண்டிய நேரத்தைச் சீட்டில் எழுதி அவள் கதவில் ஒட்டத் தொடங்கினார்கள். 'அறை 14, நாலரை. இரண்டு தடவை தட்டவும்.' 'அறை 22, ஐந்து. திட்டினால் கண்டுகொள்ள வேண்டாம்.' தூக்கமில்லாதவளுக்கு அடுத்தவர் தூக்கத்தைக் கலைக்கிற வேலை வந்து சேர்ந்தது, அவளும் அதைச் செய்தாள், மறுக்கவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமல்லவா.

இதற்கு நடுவில் அவள் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அங்கே எல்லாம் மாணவர் விருப்பம். இயற்பியல் படிக்கச் சேர்ந்தவள் இயற்பியலோடு நிற்க முடியாது, சொந்தத் துறையில் சில, பிற துறையில் சில, மொழியில் ஒன்று என்று நீளமான ஒரு பட்டியலிலிருந்து ஆறு பாடங்களைத் தேர்ந்தெடுத்து, படிவத்தில் டிக் செய்து, ஆலோசகப் பேராசிரியரிடம் கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வாணி எந்த வகுப்பில் போய் உட்கார்ந்தாலும் அது நன்றாகத்தான் இருந்தது, வானியலும் நன்றாக இருந்தது, நாணயங்களின் வரலாறும் நன்றாக இருந்தது, கடல் பாசி வளர்ப்பும் நன்றாக இருந்தது, களைத்துப் போன மனசுக்கு எது வேண்டும் எது வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. ஆலோசகர் அருள்செல்வி அம்மாள் நல்லவர். "அவசரமே இல்லம்மா, நல்லா தூங்கி எந்திரிச்சு முடிவு பண்ணு" என்றார். நூலகரும் அதையே சொன்னார், மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவரும் அதையே சொன்னார், ஆகவே முடிவு தள்ளிப்போனது.

முடிவு செய்யாதவர்களை என்ன செய்வதென்று அலுவலகத்தில் வேதமாணிக்கம் என்ற எழுத்தருக்குத் தெரியும். அவர் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். ஒரு மாணவர் ஒரு பருவத்தில் எடுக்கக்கூடிய பாடங்களுக்கு உச்சவரம்பு உண்டு, ஆனால் அந்த வரம்பு ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் தூங்குவதாக வைத்துப் போடப்பட்டது என்று அடிக்குறிப்பில் இருந்தது.

"நீ தூங்கறதில்லைன்னு வார்டன் எழுதிக் குடுத்திருக்காங்களேம்மா. அப்ப வரம்பு உனக்குப் பொருந்தாது. எதை விடறதுன்னு ஏன் கஷ்டப்படறே? எல்லாத்தையும் எடுத்துக்கோ."

எல்லாம் என்றால் பத்தொன்பது. அவர் கெட்டவர் இல்லை, ஒரு பெண்ணுக்குப் பெரிய உதவி செய்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு வீட்டில் போய்ச் சொல்லியும் இருப்பார். பாடங்களைக் குறைத்துக்கொள்ளக் கடைசி நாள் ஆகஸ்ட் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. அதற்குப் பிறகு பத்தொன்பதும் உறுதியாகிவிடும், அத்தனைக்கும் தேர்வு எழுத வேண்டும், மூன்றில் தவறினால் இடம் போய்விடும். வாணி பத்தொன்பது வகுப்புக்கும் நடந்தாள். பாசி வளர்ப்பு நோட்டில் மௌரியர் நாணயங்களை வரைந்தாள். ஒருநாள் வருகைப் பதிவின்போது தன் பெயரைக் கூப்பிட்டதும் யாரோ வரவில்லை போலிருக்கிறது என்று அவளும் திரும்பிப் பார்த்தாள்.

அன்று மத்தியானம்தான் அவள் அம்மாவைக் கேட்டாள்.

"அம்மா, என்னால முடியல. அந்தப் பாயச் சுருட்டி யாருகிட்டயாச்சும் குடுத்து வுடும்மா."

 ருக்மணி மகளிடம் எதையும் மறைக்கவில்லை, குழந்தைக்கு உடம்பு பிடித்தது, டேமேஜ் குறைந்தது எல்லாமே அவ்வப்போது சொல்லியிருந்தாள். இப்போது போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய், பாய்க்குப் பக்கத்தில் குனிந்து பிடித்தாள்.

"கேக்குதா கண்ணு? அது உங்கப்பா மூச்சு" என்றாள் கிசுகிசுப்பாக.

வாணி கேட்டாள். பிறந்ததிலிருந்து அப்பா தூங்கி அவள் கேட்டதில்லை. சீராக, ஆழமாக, ஒரு அவசரமும் இல்லாமல் அந்த மூச்சு போய்ப் போய் வந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய மூச்சு, அது அவளுடையது. அவளுக்கு அழுகை வந்தது.

"இருக்கட்டும்மா. நான் சமாளிச்சுக்கறேன். அப்பாகிட்ட ஒண்ணுஞ் சொல்லாதே" என்று வைத்துவிட்டாள். ருக்மணி அன்று சோறு தின்னவில்லை, ஆனால் பாயையும் சுருட்டவில்லை.

சென்னியப்பனுக்கு மகள் அங்கே வேறு தூக்கம் ஏற்பாடு செய்துகொண்டாள் என்றுதான் எண்ணம். பெரிய படிப்புக்குப் போன இடத்தில் அதெல்லாம் கொடுக்காமலா இருப்பார்கள் என்று நினைத்திருந்தார். அவருக்கு உண்மையைச் சொன்னது ஒரு தபால். தூங்காமல் பத்தொன்பது பாடங்கள் படிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டிய படிவத்தை வேதமாணிக்கம் முறைப்படி பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் சென்னியப்பன் அதைப் படித்திருக்க மாட்டார், எழுத்துகள் அவர் கண்ணில் ஆடும், எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுக் கொடுத்திருப்பார். இப்போது முப்பத்தைந்து நாள் நன்றாகத் தூங்கியிருந்தார். வரிவரியாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"உனக்குத் தெரியுமா இது?" என்றார் மனைவியிடம்.

ருக்மணி தலையைக் குனிந்துகொண்டாள். "அவதானுங்க சொல்ல வேண்டான்னா."

"அவ சொல்லுவா. அவ கொழந்த."

மறுநாள் வெள்ளிக்கிழமை. இன்னும் நன்றாக விடிந்திருக்கவில்லை, அவர் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பாய் முன்னால் வந்து நின்றார். அன்றைய முதல் முறைக்கு வந்த ஆறு பேரும் தலையணையோடு வாசலில் இருந்தார்கள், விஷயம் தெரிந்து தெருவே வந்துவிட்டது. குழந்தைவேலு கும்பிட்ட கையோடு முன்னால் வந்தார்.

"சென்னியப்பா, ஒரு வாரம் பொறுத்துக்கப்பா. பெரிய ஆர்டர் ஒண்ணு இருக்குது. இப்பத்தான் ஆளுங்க ஆளுங்களாட்டம் இருக்கறாங்க."

"என்ற புள்ளையோடதுங்க இது" என்றார் சென்னியப்பன். குழந்தைவேலு கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்.

பூரணி மட்டும், "அண்ணா, ஒரு பத்து நிமிசம்" என்று குழந்தையைக் கொண்டுவந்து கடைசியாக ஒருமுறை பாய்க்குப் பக்கத்தில் கிடத்தினாள். தெரு முழுக்கப் பத்து நிமிடம் பேசாமல் நின்றது. பிறகு அவர் குனிந்து, கால்மாட்டிலிருந்து மெல்ல, விரல் குறைந்த கையால் பள்ளம் கலையாதபடி பாயைச் சுருட்டி, ருக்மணியின் பழைய சேலையில் சுற்றி, தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. வழக்கத்தை விடாத ருக்மணி அன்று வீட்டைக் கூட்டவில்லை.

ஈரோட்டில் ரயில் ஏறியவர் நின்றுகொண்டே வந்தார், பாயைப் படுக்கவைக்க இடமில்லை, அதை மடக்கவும் அவருக்கு மனமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள், இரண்டு பேர் இறங்க வேண்டிய ஊரைத் தவறவிட்டார்கள். அவர் மட்டும் பாய் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் கண்ணை மூடவில்லை. ரயிலை விட்டுப் பஸ் பிடித்து, பல்கலைக்கழக வாசலில் இறங்கி, இயற்பியல் எங்கே என்று கேட்டு, எதிர்ப்பக்கம் காட்டப்பட்டு, மரங்களுக்கு நடுவே வழி தவறி, நாலரை மணிக்கு அலுவலக வராந்தாவுக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே ஒரு வரிசை நின்றது. கடைசி நாள் வரிசை. நடுவில் வாணி சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணைத் திறந்துகொண்டு, கையில் ஒரு டிக்கும் இல்லாத படிவத்தோடு நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு யாரென்று பிடிபட ஒரு நிமிடம் ஆனது, அந்த ஒரு நிமிடத்தைச் சென்னியப்பன் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

"அம்மணி" என்றார்.

"அப்பா, நீங்க எதுக்குங்ப்பா அதை எடுத்துட்டு வந்தீங்க? நீங்க எப்படித் தூங்குவீங்க?"

"அதெல்லாம் தூங்கிப் பழகிட்டன் சாமி. வா, சித்த படு."

"வரிசை போயிருமுங்ப்பா. அஞ்சு மணிக்கு மூடிருவாங்க."

"நீ படு" என்றார். அவர் வராந்தாவில் பாயை விரித்தார். வாணி இடதுபக்கம் ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, அந்தப் பள்ளத்துக்குள் சரியாகப் படுத்தாள், அவ்வளவுதான். சென்னியப்பன் அவள் கையிலிருந்த படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் இடத்தில் வரிசையில் நின்றார்.

அலுவலகத்தில் வேதமாணிக்கம் கொட்டாவி விட்டார். வரிசையிலும் கொட்டாவி ஓடியது. பின்னால் நின்ற ஜெசிந்தா, "சத்தம் போடாதீங்கல, எங்க ஹாஸ்டலு அலாரம் ஒறங்குது" என்று எல்லோரையும் அடக்கினாள். சென்னியப்பனின் முறை வந்தபோது ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது. அவர் வெற்றுப் படிவத்தை நீட்டினார்.

"இதுல பாடம் எதுவும் குறிக்கலியேய்யா. எது எது வேணும்?"

"எனக்குத் தெரியாதுங்க. அவ எந்திரிச்சுச் சொல்லுவாளுங்க."

"மணி அஞ்சாகப் போகுது. நீங்க நகர்ந்தாத்தான் அடுத்தவங்களைப் பார்க்க முடியும்."

"நானு நகரலீங்க" என்றார் சென்னியப்பன் மரியாதையாக. வேதமாணிக்கம் விதிப் புத்தகத்தைப் பிரித்தார். அலுவலக நேரம் முடிந்தாலும் முறை வந்து நிற்கிற ஒருவரை முடிக்காமல் சாளரத்தைச் சாத்தக் கூடாது என்று அதில் இருந்தது. சாத்தவில்லை. அவரும் மேசையில் தலையை வைத்துக்கொண்டார், வரிசையில் நின்ற அறுபது பேரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து ஒருவர் மடியில் ஒருவராகச் சாய்ந்தார்கள், விளக்கு வைக்கிற நேரம்வரை அந்த வராந்தாவில் விழித்திருந்தது சாளரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சென்னியப்பன் ஒருவர்தான்.

ஆறே முக்காலுக்கு வாணி எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, படிவத்தை வாங்கி, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் ஆறு பாடங்களை டிக் செய்தாள். கடைசி நாள் கையெழுத்துகளுக்காக வந்து அந்த வராந்தாவிலேயே கண் அசந்திருந்த ஆலோசகர் அருள்செல்வி அம்மாள் எழுந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டே, எதை வைத்துத் தேர்ந்தெடுத்தாய் என்று ஆர்வமாகக் கேட்டார். அறிவு, எதிர்காலம், ஆழ்ந்த நாட்டம் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அவள் சொன்னது வேறு.

"இதெல்லாம் பத்தரைக்கு மேலதான் மேடம் ஆரம்பிக்குது."

சென்னியப்பன் அன்றே கிளம்பினார். விடுதிக்குள் ஆண்கள் வரக் கூடாது என்பதால் வாசலிலேயே பாயைக் கொடுத்தார். வாணி அவரை இருந்து போகச் சொன்னாள், இந்தப் பாய்க்குப் பக்கத்தில் வராந்தாவிலேயே ஒரு மணி நேரம் படுத்துவிட்டாவது போகச் சொன்னாள்.

"வேண்டா அம்மணி. அப்பறம் எந்திரிக்க மனசு வராது" என்றார்.

"போய்ச் சேந்ததும் சொல்லுங்ப்பா. நீங்க சொல்ற வரைக்கும் பாயச் சுருட்ட மாட்டேன்."

அன்று அவள் படுத்தாள், தூங்கினாள். காலையில் அறை பதினான்கும் இருபத்திரண்டும் தாமதமாக எழுந்து ஆளுக்கொரு அலாரம் வாங்க முடிவு செய்தன. வாணி குளித்துவிட்டு வந்து, விரித்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்கு அப்பா கூப்பிட்டார்.

"வந்து சேந்துட்டன் அம்மணி. ஆறரைக்கெல்லாம் ஈரோடு வந்துட்டன்."

அவர் குரலுக்குப் பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பகல் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

"தூங்குனீங்களாப்பா?"

"தூங்குனனே" என்றார். "வீட்டுக்கு வந்து படுத்தவன், நல்லா எட்டு மணி நேரம்."

 ஆறரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் எட்டு மணி நேரத்தை அவர் எங்கே வைத்தார் என்று வாணிக்குத் தெரிந்துவிட்டது, இரவெல்லாம் தூங்கி எழுந்தவளுக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்தது.

"சரிங்ப்பா" என்றாள்.

போனை வைத்துவிட்டு எழுந்து, அப்பாவுடைய தூக்கம் எதுவும் இங்கே தங்கிவிடக் கூடாதே என்று அவசர அவசரமாகப் பாயைச் சுருட்டினாள், தங்கிப்போக அவரிடம் எதுவும் இல்லை என்று தெரிந்தும் சுருட்டினாள். பிறகு வகுப்புக்குக் கிளம்பினாள்.